கெண்டைக்கால் கட்டி

அடிபட்ட தோல் எந்த நாளில் என்ன நிறத்துக்கு மாறும் என்பது ஓக்சிமுக்கு அத்துப்படி. முதல் நாள் சிவப்பு. மூன்றாம் நாள் கத்தரிக்காய் நிறம். ஒரு வாரத்தில் ஓரங்களில் பச்சை படரும். பத்தாம் நாள் மஞ்சள். இரண்டு வாரத்தில் மறைந்துவிடும், அதற்குள் அதே இடத்தில் புதிதாக ஒன்று விழாமல் இருந்தால். பதினோரு வருடக் கல்யாணத்தில் படித்த படிப்பு இது. பள்ளிக்கூடத்தில் படித்திருந்தால் பட்டமே கொடுத்திருப்பார்கள்.

அவள் புருஷன் தேபோக் முக்ஹோ துறைமுகத்தில் படகோட்டி. கடலில் இருக்கிற வரை தங்கமான மனிதன். கரையேறி மூன்றாவது குவளை சோஜுச் சாராயம் உள்ளே போனதும், அந்த ஊர் ஆம்பிளைகள் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிற பழமொழியை அவனும் சொல்லுவான்: "காய்ஞ்ச மீனையும் பொம்பளையையும் மூணு நாளைக்கு ஒரு தடவ தட்டணும்டா, அப்பத்தான் ருசி." மற்றவர்களில் பாதிப் பேர் சொல்வதோடு விட்டுவிடுவார்கள். தேபோக் சொன்ன சொல் தவறாதவன்.

மறுநாள் காலையில் அவன் தலைவலி தீருவதற்கு, கருங்கல்லின் மேல் காய்ந்த மியோங்தே மீனை வைத்து, மரக்கட்டையால் தட்டி, நார் நாராகக் கிழித்து அவள் சூப் வைப்பாள். மீனுக்கும் அந்தக் கட்டைதான், அவளுக்கும் அந்தக் கட்டைதான். முகத்தில் மட்டும் அவன் அடிப்பதில்லை. முகம் ஊருக்குத் தெரியும் அல்லவா? தொடை, முழங்கால், முதுகு, இவைதான் அவன் கணக்கு.

ஓக்சிமுக்குக் கேட்க ஆள் கிடையாது. போர்க்காலத்தில் வடக்கிலிருந்து வந்த கப்பலில் பத்து வயதில் தனியாக வந்து இறங்கியவள். அண்ணன் இல்லை, தம்பி இல்லை. "அடி உதவுவது போல் அண்ணன் தம்பி உதவ மாட்டான்" என்பார்கள். அவளுக்கு அதில் ஒன்றுதான் வாய்த்தது.

எழுபத்து நாலாம் வருடம் ஜனவரி. மியோங்தே மீன் மலைமலையாக வந்து குவிகிற மாதம். கரையோரக் கொட்டகையில் நாற்பது பெண்கள் வரிசையாக நின்று மீனின் வயிற்றைக் கிழித்து, குடலையும் சினையையும் தனித்தனியாகப் பிரித்துப் போடுவார்கள். காலடியில் கணுக்கால் அளவு ஐஸ் தண்ணீர். ரப்பர் பூட்ஸுக்குள் கால் இருக்கிறதா இல்லையா என்பது சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

ஓக்சிமுக்குப் பக்கத்தில் நிற்பவள் மால்சூன். தேபோக்கின் ஒரே தங்கை. அப்பா கடலோடு போன பிறகு தேபோக் தோளில் தூக்கி வளர்த்த பெண். கட்டிக்கொடுத்து இரண்டு வருடம்தான் ஆகிறது. மாப்பிள்ளை தோசிக், மேட்டுத் தொடக்கப்பள்ளியில் பியூன். வகுப்புகளில் நிலக்கரி அடுப்பு மூட்டுவது, மணி அடிப்பது, இலையுதிர் காலத்தில் மலைக்குப் போய் வாத்தியார்களுக்குப் பிரம்பு வெட்டி வந்து கட்டு கட்டாக வைப்பது அவன் வேலை. அந்த ஊரில் தப்புச் செய்த பிள்ளை மேடையில் ஏறி நின்று, கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, கெண்டைக்காலைக் காட்ட வேண்டும். அடி அங்கேதான் விழும். வீட்டிலும் அப்படித்தான், பள்ளியிலும் அப்படித்தான். கெண்டைக்காலில் கோடு இல்லாமல் வளர்ந்தவர் அந்தத் துறைமுகத்தில் ஒருவரும் இல்லை.

அன்று ஒருத்தி தள்ளிய மீன் பெட்டி மால்சூனின் காலில் பின்பக்கமாக இடித்தது. லேசான இடிதான். மால்சூன் கத்திய கத்தலில் கொட்டகையே திரும்பிப் பார்த்தது.

"என்னடி, பெட்டி பட்டதுக்கா இப்படிக் கத்துறே?" என்றாள் யாங்யாங்காரி. யாங்யாங் ஊரிலிருந்து வந்தவள், கொட்டகைக்கு மேஸ்திரி. வாய் கொஞ்சம் நீளம்.

ஓக்சிம் அவளைக் கைத்தாங்கலாக உப்பு மூட்டைகளுக்குப் பின்னால் கூட்டிப்போய் பூட்ஸைக் கழற்றினாள். கெண்டைக்கால் இரண்டிலும் தோலுக்கடியில் கட்டிகள். ஒவ்வொன்றும் ஓட்டோடு புதைத்துவைத்த கஷ்கொட்டை மாதிரி, நெல்லிக்காய் அளவு. சில சிவப்பு, சில கருநீலம். இடதுகாலில் ஒன்று உடைந்து, குழியாகி, நீர் கசிந்துகொண்டிருந்தது.

"எத்தன நாளாடி இது?"

"போன குளிர்காலத்துலயும் வந்துச்சு, அண்ணி. வெயில் வந்ததும் அமுங்கிருச்சு. இந்தத் தடவ விடமாட்டேங்குது. அண்ணன்கிட்ட சொல்லிராதீங்க. யாரும் என்னை அடிக்கல, சத்தியமா."

ஓக்சிம் தொட்டுப் பார்த்தாள். கட்டி சுட்டது. ஆழத்தில் வேர் விட்டதுபோல் கெட்டியாக இருந்தது. அடி இப்படி இருக்காது. அடி பட்ட இடம் இரண்டு நாளில் ஆறிக் குளிர்ந்து தட்டையாகிவிடும், நிறம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். இது வாரக்கணக்கில் நிறம் மாறாமல் உள்ளேயே எரிகிறது. பிரம்படி கோடாக விழும், இது உருண்டையாக நிற்கிறது. இது வேறு ஏதோ என்று அந்தக் கணமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"தோசிக் என்ன சொல்றார்?"

"தினமும் வெந்நீர்ல துணி நனைச்சு ஒத்தடம் குடுக்கிறார். ஆஸ்பத்திரிக்கு வான்னு கூப்பிடுறார். சீசன் முடியட்டும்னு நான்தான் சொன்னேன்."

சந்திர வருடப் பிறப்புக்கு முன்னால் ஊரே பொதுக்குளியலறைக்குப் போகும். ஓக்சிம் பதினோரு வருடமாகப் போவதில்லை, வீட்டில் சட்டியில் தண்ணீர் காய்ச்சி ஊற்றிக்கொள்வாள். காரணம் கேட்டால் நீராவி ஒத்துக்கொள்ளாது என்பாள். மால்சூனும் போகாமல் இருந்திருக்கலாம். வெந்நீரில் காலை வைத்தால் வலி குறையுமே என்ற ஆசையில் போனாள். முப்பது பெண்கள் அவள் கெண்டைக்காலைப் பார்த்தார்கள்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. சாயங்காலத்துக்குள் துறைமுகம் பூராவும் பேச்சு: பள்ளிக்கூடப் பியூன் பெண்டாட்டியை மேடையில் ஏற்றி நிறுத்திப் பிரம்பால் விளாசுகிறான். கையில் கட்டு கட்டாகப் பிரம்பு வைத்திருக்கிறவன் வேறென்ன செய்வான்? ஒரு கிழவன் சோஜுக் கடையில் அதைத் தேபோக்கிடமே கேட்டான்: "என்னப்பா, உன் தங்கச்சி எந்த வகுப்புல படிக்கிறா?"

தேபோக் வீட்டுக்கு வந்தான். சமையல்கட்டில் நுழைந்து மீன் தட்டுகிற கட்டையை எடுத்தான். ஓக்சிம் வாசலில் நின்றாள்.

"எங்க போறீங்க?"

"அவன் கைய ஒடிக்கப் போறேன்."

"அது பிரம்படி இல்லீங்க. நான் பார்த்தேன். அது ஏதோ சீக்கு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

பதில் அவள் நாக்கு நுனியில் இருந்தது. அடி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்டிருக்கலாம். ஆனால் கட்டை அவன் கையில் இருந்தது. அவள் இடது தொடையில் முந்தாநாள் விழுந்தது கத்தரிக்காய் நிறத்தில் இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. அவள் விலகி நின்றாள். கோழைத்தனம்தான். அவளே தன்னைப் பிறகு அந்தச் சொல்லால்தான் திட்டிக்கொண்டாள், ஆகவே நானும் அதை மறைக்கவில்லை.

தோசிக் கொல்லையில் நிலக்கரிச் சாம்பலைக் கொட்டிக்கொண்டிருந்தான். பின்னால் சுவரோரம் பிரம்புக் கட்டுகள், வாத்தியார்களுக்காக வெட்டிக் காயவைத்தவை. தேபோக் அதைப் பார்த்தான். அவனுக்கு அதற்குமேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை.

"வாங்க மச்சான்," என்று தோசிக் நிமிர்ந்தான். முதல் அடி தோளில் விழுந்தது. சாம்பல் வாளி உருண்டது. இரண்டாவது அடிக்குக் கையைக் குறுக்கே நீட்டினான். முன்கை எலும்பு உடைந்த சத்தம் பக்கத்து வீட்டு முற்றம் வரை கேட்டது. கீழே விழுந்தவனை விலாவில் உதைத்தான், பிரம்புக் கட்டு ஒன்றைப் பிரித்து அவன் முதுகில் நாலு பிரம்பு ஒடிகிற வரை விளாசினான். மால்சூன் ஓடி வந்து அண்ணன் காலைக் கட்டிக்கொண்டு அலறினாள்.

"அவர் அடிக்கல அண்ணே! அவர் என்னை ஒருநாளும் அடிக்கல!"

சுவருக்கு மேல் எட்டிப் பார்த்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். "அடி வாங்குறவ எல்லாம் இதத்தானே சொல்லுவா," என்றாள் யாங்யாங்காரி. உண்மையைச் சொல்வதற்கென்று ஒரு தனிப் பேச்சு இல்லாமல் போனதுதான் மால்சூனின் கெட்ட காலம்.

தேபோக் தங்கையை இழுத்துக்கொண்டு வந்து தன் வீட்டில் உட்காரவைத்தான். "இனி அந்த நாய் வாசப்படி மிதிச்சா அவன் கால ஒடிப்பேன். பத்து நாள்ல உன் காலெல்லாம் ஆறிரும் பாரு." அவனுக்கு அவள்மேல் உயிர். அதில் சந்தேகமே வேண்டாம். கெட்ட ரத்தத்தை எடுக்கிற கிழவி ஒருத்தியைக் கூட்டிவந்து, கட்டிகளை ஊசியால் குத்தி, சூடு காட்டிய கிண்ணத்தைக் கவிழ்த்து உறிஞ்ச வைத்தான். தங்கை கத்தும்போது அவன் கண்ணில் தண்ணீர் வந்தது. குத்திய இடமெல்லாம் புண்ணாயிற்று. மேலே கறுப்புப் பற்றுப் போட்டார்கள். பற்றுக்கு அடியில் அது சீழ் வைத்தது.

ராத்திரியில் மால்சூனுக்குக் காய்ச்சல் அடித்தது. ஆனாலும் பகலில் கொட்டகைக்கு வந்தாள், வீட்டில் அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பதைவிட ஐஸ் தண்ணீர் மேல் என்று. ஓக்சிம் அவளுக்கு ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்காரச் சொல்லி, அவள் பங்கு மீனையும் சேர்த்துக் கிழித்தாள்.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் தேபோக் தங்கையின் காலில் பற்றை மாற்றக் கொட்டகைக்கு வந்தான். புதிதாக மூன்று கட்டிகள். நேற்று இல்லாதவை. சிவந்து, பளபளவென்று நின்றன.

இந்த இடத்தில் புத்தியுள்ளவன் என்ன நினைப்பான்? புருஷன் பக்கத்திலேயே இல்லை, கட்டி மட்டும் வருகிறதே, அப்படியானால் இது அடியில்லை என்று நினைப்பான். தேபோக் நினைத்தது வேறு. "திருட்டுத்தனமா வந்து அடிச்சிட்டுப் போறான்! ஒடிஞ்ச கையோட வந்து அடிக்கிறான்! இன்னொரு கையும் இருக்குல்ல அவனுக்கு!"

கட்டை வீட்டில் இருந்தது. போய் எடுத்துக்கொண்டு, வழியில் ஒரு குவளையும் போட்டுக்கொண்டு, கொட்டகை வழியாக மேட்டுப் பாதையில் ஏறினான். பள்ளிக்கூடத்துக்கு அதுதான் வழி. இந்தத் தடவை அவன் தோசிக்கை உயிரோடு விடமாட்டான் என்பது அவன் நடையிலேயே தெரிந்தது. கொட்டகைப் பெண்கள் கத்தியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

ஓக்சிம் பாதையின் நடுவில் போய் நின்றாள்.

"தள்ளு."

"தள்ள மாட்டேன்."

"ஏய், உனக்கும் வேணுமா?"

"போன தடவ கேட்டீங்களே, உனக்கு எப்படித் தெரியும்னு. இப்பச் சொல்றேன். எல்லாரும் கேளுங்கடி!"

அவள் பூட்ஸை உதறிவிட்டு, கால்சட்டையின் கணுக்கால் கயிற்றை அவிழ்த்து, இரண்டு காலையும் தொடை வரைக்கும் சுருட்டினாள். பிப்ரவரிக் குளிர்காற்றில், நாற்பது பெண்களுக்கும் பெட்டி தூக்குகிற ஆம்பிளைகளுக்கும் முன்னால், வெறுங்காலோடு நின்றாள்.

"இந்தா, இந்த மஞ்சள், இது வருஷப் பிறப்புக்கு மறுநாள். சூப்புல உப்பு கம்மின்னு. இந்தப் பச்சை, படகுல வலை கிழிஞ்ச அன்னிக்கு. வலையக் கிழிச்சது நான் இல்ல. இந்தக் கத்தரிக்காய் நிறம் முந்தாநாள். ஏன்னு எனக்கே தெரியாது. தொட்டுப் பாருங்க, தட்டையா இருக்கு, சில்லுன்னு இருக்கு, நாளுக்கு ஒரு நிறம் ஓடுது. இதுதான் அடி. மால்சூன் கால்ல இருக்கிறது கல்லு மாதிரி கெட்டி, நெருப்பு மாதிரி சூடு. அது சீக்கு. பதினோரு வருஷமா நான் அடி பார்த்திருக்கேன். எனக்குத் தெரியும். தோசிக் மேல ஒரு பாவமும் இல்ல!"

யாங்யாங்காரி கிட்டே வந்து அந்தக் கத்தரிக்காய் நிறத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

அவமானம் தேபோக்கின் கழுத்து வரை சிவப்பாக ஏறியது. கட்டையை இரண்டு கையாலும் தூக்கினான். முதல் அடி ஓக்சிமின் இடுப்பில் இறங்கியது. அவள் மண்டி போட்டு விழுந்தாள், ஆனால் பாதையை விட்டு நகரவில்லை. அவன் மறுபடி தூக்கினான். இந்தத் தடவை தலைக்குக் குறி வைத்தான்.

கட்டை இறங்கவில்லை. நொண்டிக்கொண்டே பின்னால் வந்த மால்சூன் ஐஸ் அள்ளுகிற மண்வாரியைச் சுழற்றி அவன் முழங்கைக்குக் கீழே ஓங்கி இறக்கினாள். தோசிக்கின் எலும்பு உடைந்தபோது கேட்ட அதே சத்தம். தேபோக் ஊளையிட்டுக்கொண்டு மீன் குடலின் நடுவில் விழுந்தான். கட்டை உருண்டு ஐஸ் தண்ணீரில் மிதந்தது.

மால்சூனின் கெண்டைக்கால் புண்ணிலிருந்து ரத்தம் பூட்ஸுக்குள் வழிந்தது. அவள் மண்வாரியை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"என்னை அடிச்சவன்னு சொல்லி அவர் கைய ஒடிச்சியே, அண்ணே. அண்ணிய அடிச்சவன் கைய யார் ஒடிக்கிறது? அவங்களுக்கு அண்ணன் இல்ல, தம்பி இல்ல. நான் இருக்கேன். தெரிஞ்சுக்க."

சுகாதார நிலையத்து டாக்டரம்மா மால்சூனின் காலை விரலால் அழுத்தி, பற்றைச் சுரண்டி எறிந்து, ஊசியால் குத்திய கிழவியை வாய்க்கு வந்தபடி திட்டினாள். பிறகு முன்கையில் தோலுக்குள் ஒரு சிறு ஊசி போட்டு, மூன்று நாள் கழித்து வரச் சொன்னாள். மூன்றாம் நாள் அந்த இடம் பெரிய சிவப்புத் தடிப்பாக வீங்கியிருந்தது. கட்டியில் ஒரு துணுக்கு வெட்டி எடுத்துச் சோதனைக்கும் அனுப்பினாள். மார்பைப் படம் பிடித்தாள்.

"காசநோய்க் கிருமி," என்றாள்.

மால்சூன் முகம் வெளுத்தது. அந்த ஊரில் அந்தப் பெயரைக் கேட்டால் பெண்டாட்டியை வீட்டைவிட்டே அனுப்புவார்கள்.

"பயப்படாதம்மா. நுரையீரல் சுத்தமா இருக்கு. உன்கிட்டயிருந்து யாருக்கும் ஒட்டாது. எப்பவோ உள்ள வந்த கிருமி எங்கயோ பதுங்கிக் கிடக்கு. அதோட உன் உடம்பு போடற சண்டைதான் கால்ல கட்டியா வருது. குளிர்ல நின்னா ரத்த ஓட்டம் குறையும், அதான் குளிர்காலத்துல அதிகம். இதுக்குக் களிம்பு கிடையாது, குத்தக் கூடாது, உறிஞ்சக் கூடாது. மாத்திரைதான். ஒரு நாள் விடாம, ஒரு வருஷம். பாதி ஆறினதும் நிறுத்தினா மறுபடி வரும். கால உயர்த்தி வெச்சுப் படு. இந்தக் குளிர்காலம் ஐஸ் தண்ணில நிக்காத." பிறகு ஓக்சிமைப் பார்த்தாள். "இது அடியில்லன்னு நீங்கதான் சொன்னீங்களாமே. என் கூடப் படிச்ச டாக்டருங்களே இத அடின்னு ஏமாந்திருக்காங்க. எங்க கத்துக்கிட்டீங்க?"

"வீட்லதான், டாக்டரம்மா."

டாக்டரம்மா ஓக்சிமின் இடுப்பைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லித் திரையை இழுத்து மூடினாள்.

வெளியே பெஞ்சில் இரண்டு ஆம்பிளைகள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவனுக்கு வலதுகையில் மாவுக்கட்டு, இன்னொருவனுக்கும் வலதுகையில் மாவுக்கட்டு. நடுவில் ஒரு ஆள் உட்காருகிற இடம் காலியாக இருந்தது. இருவரும் எதிர்ச்சுவரில் இருந்த காசநோய்ப் படத்தையே படித்துக்கொண்டிருந்தார்கள். தேபோக் ஒரு தடவை தொண்டையைக் கனைத்தான். தோசிக் இன்னும் ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தான்.

தேபோக் திருந்திவிட்டான் என்று நான் சொல்லப்போவதில்லை. திருந்துகிறவர்களை எனக்கு அதிகம் தெரியாது. அந்த சீசன் முழுக்க யாரும் அவனைப் படகில் ஏற்றவில்லை, சோஜுக் கடையில் அந்தப் பழமொழியை அவனுக்கு எதிரில் யாரும் எடுப்பதில்லை, ஒரு தெரு தள்ளி மால்சூன் இருக்கிறாள் என்பது அவனுக்கு நினைவிருக்கிறது. கட்டையை ஓக்சிம் தன் படுக்கைக்கு அடியில் வைத்துக்கொள்கிறாள். மீன் தட்டுகிறபோது எடுப்பாள், மறுபடி அங்கேயே வைப்பாள். பிப்ரவரி முடிவதற்குள் அவள் உடம்பின் கடைசி மஞ்சள் போனது. மேலே புதிதாக ஒன்றும் விழவில்லை.

தினமும் காலையில் கொட்டகைக்குப் போகும் வழியில் அவள் தோசிக் வீட்டுக்குப் போய், மால்சூன் மாத்திரையை விழுங்குகிற வரை எதிரில் உட்கார்ந்திருப்பாள். ஒரு கை நிறைய மாத்திரை. வயிற்றைப் புரட்டுகிறது என்று மால்சூன் முகம் சுளிப்பாள். "முழுங்குடி," என்பாள் ஓக்சிம். கெண்டைக்கால்களில் கட்டிகள் ஒவ்வொன்றாக அமுங்கி, இருந்த இடத்தில் பழுப்புக் குழிகள் மட்டும் நின்றன. தோசிக்கின் கை கோணலாகக் கூடிவிட்டது. நிலக்கரி வாளியை இப்போது அவன் இடதுகையால்தான் தூக்குகிறான். மிச்சமிருந்த பிரம்புக் கட்டுகளையெல்லாம் அடுப்பில் போட்டுவிட்டான், வாத்தியார்கள் கேட்டால் கை சரியில்லை, வெட்ட முடியாது என்கிறான்.

மே மாதம் ஒருநாள் அவன் அந்தக் கோணல் கையால் தண்ணீர்க் குவளையை மனைவிக்கு நீட்டும்போது பாதி சிந்தியது. ஓக்சிமால் தாங்க முடியவில்லை.

"அன்னிக்கே நான் வாயத் திறந்திருந்தா உங்க கை ஒடிஞ்சிருக்காது. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் விலகி வழி விட்டேன்."

தோசிக் குவளையை மறுபடி நிரப்பினான். மன்னித்தேன் என்று சொல்லவில்லை.

"அன்னிக்கு வீட்டுக்குள்ள வெச்சு நீங்க தனியா சொல்லியிருந்தா, அந்தக் கட்டை எங்க வீட்டுக்கு வந்திருக்காது," என்றான். "ஆனா நீங்க உயிரோட வெளிய வந்திருக்க மாட்டீங்க, அக்கா."

கப்பலிலிருந்து இறங்கிய நாளுக்குப் பிறகு ஓக்சிம் யார் முன்னாலும் அழுததில்லை. அன்று மால்சூனின் மடியில் தலையை வைத்துக்கொண்டு, அந்தக் குழி விழுந்த கால்களைப் பிடித்துக்கொண்டு, ஓவென்று அழுதாள். மால்சூன் ஒரு கையால் அவள் முதுகைத் தடவிக்கொண்டே, மறுகையால் மீதி மாத்திரைகளை வாயில் போட்டு விழுங்கினாள்.